ஜெர்மன் பிரதியில் குழந்தைகள் கிடையாது

நாற்பத்திரண்டு வயதுவரை காமாக்ஷி ஒரு வீடியோ கேம்கூட ஆடியதில்லை. மயிலாப்பூரில் சித்திரைக்குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருந்தாள். கணவர் சுப்பராமன் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். ஒரே பெண் அனன்யா, ஆறாம் வகுப்பு. காலேஜ் முடித்த கையோடு, சும்மா இருக்கப் பிடிக்காமல் ஜெர்மன் வகுப்பில் போய்ச் சேர்ந்தவள் காமாக்ஷி. கூடச் சேர்ந்தவர்கள் ஒரு வருஷத்தில் கழன்றுகொண்டார்கள். இவள் ஆறு வருஷம் விடாப்பிடியாகப் படித்தாள். கிண்டியில் ஒரு கம்பெனிக்குப் பதினான்கு வருஷம் அச்சு இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்த்தாள். எந்தத் திருகை எத்தனை சுற்று முடுக்க வேண்டும், எங்கே கை வைத்தால் விரல் போகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தொண்ணூற்றாறில் அந்தக் கம்பெனி மூடிக்கொண்டது.

ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தபிறகு கனகராஜின் ஆபீஸ் கிடைத்தது. அவன் உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பையன். கல்லாவில் உட்காரப் பிடிக்காமல், ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடியைப் பிடித்து, நாலு கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டு கம்பெனிகள் தயாரிக்கும் கேம்களில் வரும் எழுத்தை மொழிபெயர்ப்பதும், வேறு நாடுகளுக்குத் தகுந்தமாதிரி மாற்றியாகிவிட்டதா என்று சரிபார்த்துக் கொடுப்பதும் தொழில்.

"ஒண்ணும் பயப்படாதீங்கக்கா," என்றான் முதல் நாளே. "ஒரே சேலைக்கு ஊருக்கு ஒரு பார்டர் போடுதோம்ல, அந்த மாதிரிதான் இது. உடம்பு ஒண்ணுதான். ஓரத்தை மட்டும் மாத்திருவாங்க."

ஓரம் மட்டுமில்லை என்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்தது. எந்த நாட்டுக்கு எது ஆகாது என்ற பட்டியல் ஒரு நீல ஃபைலில் இருந்தது. மதியச் சாப்பாட்டின்போது அதைக் கதைப்புத்தகம் மாதிரி படிப்பாள். அமெரிக்கப் பிரதியில் சிவப்பாக வழிகிற ரத்தம் ஜெர்மனிக்குப் போகும்போது பச்சையாகிவிடும், அல்லது ஒரேயடியாக வற்றிவிடும். குண்டடி பட்டுச் சாகிற சிப்பாய்கள் இயந்திர பொம்மைகளாக மாறிவிடுவார்கள். ஜப்பானில் செய்த விளையாட்டு அமெரிக்காவுக்குப் போனால் கல்லறை மேலிருக்கும் சிலுவையைக் காணோம். சாராயக் கடை காபிக் கடையாகிவிடும். சில பிரதிகளில் செத்தவன் விழுந்த நிமிஷமே மறைந்துபோவான். தரை சுத்தமாக இருக்கும்.

வீட்டில் இதைச் சொன்னபோது சுப்பராமன் சிரித்தார். "நம்ம ஊருக்கு அனுப்பறச்சே எதை எடுப்பாளாம்?"

"நம்ம ஊருக்கு யாருமே அனுப்பறதில்லையே. நமக்கெல்லாம் பர்மா பஜார் திருட்டுக் காப்பிதான். யாருக்கோ பண்ணினது, அப்படியே வந்துடறது."

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் அந்தப் புது கேம் வந்தது. பெரிய யுத்தம் ஒன்று முடிந்தபின் தண்ணீரைத் தேடிக்கொண்டு ஒரு நாடோடி ஒரு சின்ன ஊருக்குள் நடந்து வருகிறான். வெளிறிப்போன தெருக்கள், ஒரு ரொட்டிக்கடை, ஒரு மருத்துவமனை, வற்றிய கிணறு. அந்த ஊரில் அவன் யாரோடும் பேசலாம், யாருக்கும் உதவலாம், யாரிடமும் திருடலாம், யாரையும் சுடலாம். யாரையும் சுடலாம் என்பதுதான் சிக்கல். ஊரில் ஏழு குழந்தைகள் இருந்தார்கள். துப்பாக்கி வைத்திருப்பவன் முன்னால் குழந்தைகள் நடமாடுகிற விளையாட்டு ஜெர்மனியில் விலைபோகாது, அங்கே வயது முத்திரை குத்துகிற குழு அதை ஒத்துக்கொள்ளாது என்று விற்பனைக் கம்பெனி ஃபேக்ஸ் அனுப்பியிருந்தது. அதனால் ஜெர்மன் பிரதியில் குழந்தைகள் கிடையாது.

குழந்தைகள் பேசும் வரிகளை நீக்கிவிட்டுத்தான் உரைக் கோப்பு காமாக்ஷியிடம் வந்தது. மிச்சமிருந்த நாலாயிரத்துச் சொச்சம் வரிகளை அவள் ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாற்றினாள். ஜெர்மனியில் ஒருவர் அதைப் பார்த்துத் திருத்தி அனுப்புவார். கோப்பில் வரிகளுக்கு நம்பர் மட்டும்தான் இருந்தது. யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று போட்டிருக்கவில்லை. 'உன் அம்மாவை நான் பார்க்கவில்லை' என்று நாடோடி சொல்வதுபோல ஒரு வரி வந்தபோது அவள் தயங்கினாள். ஜெர்மனிலும் நம்மைப்போல நீ, நீங்கள் இரண்டும் உண்டு. ஆங்கிலத்தில் அது தெரியாது. முன்பின் தெரியாத ஊர், எதிரில் நிற்பது பெரியவராகத்தான் இருக்கும் என்று 'உங்கள் அம்மாவை' என்று மரியாதையாகப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

மே மாசம் சரிபார்க்கும் வேலை ஆரம்பித்தது. வெளியே தார் உருகும் வெயில். திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்று ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர். இடதுபக்கம் அமெரிக்கப் பிரதி, வலதுபக்கம் ஜெர்மன் பிரதி. நடுவில் அக்பர் பாஷா. ராயப்பேட்டைக்காரன், இருபத்தாறு வயது. பாண்டி பஜாரில் காசு போட்டு ஆடும் கேம் கடை நடத்தியவன். ஒரே ஆட்டத்தை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஆடிக்கொண்டே போவான். காமாக்ஷி ஒரு நோட்டோடு அவன் பின்னால் உட்கார்ந்து, இதில் இருந்து அதில் இல்லாததையெல்லாம் குறித்துக்கொள்வாள்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், வலதுபக்கத் திரையைப் பார்த்து அக்பர் முணுமுணுத்தான். "இன்னா மேடம் இது, பையில ரெண்டு ரொட்டி வச்சிருந்தேன். ஒண்ணுதான் கீது."

"சாப்பிட்டிருப்பேள்."

"நான் எங்க துன்னேன்? சும்மா நடந்துகினு இருந்தேன். எவனோ பாக்கெட் அடிச்சிட்டான். ஆனா ஆளையே காணோம் பாருங்க."

தெரு காலியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் காற்றின் சத்தம். அதற்கு நடுவே டப் டப் டப் என்று சின்னக் காலடிகள் நாடோடியைத் தாண்டி ஓடின. ரொட்டிக்கடைக் கதவு தானாகத் திறந்தது. தானாக மூடிக்கொண்டது.

அக்பர் இடதுபக்கத் திரைக்குத் திரும்பி, அதே தெருவில் அதே இடத்துக்கு நாடோடியைக் கொண்டுபோனான். அங்கே நீலக் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, அவன் பையில் கைவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு, டப் டப் என்று ரொட்டிக்கடைக்குள் நுழைந்தாள்.

"எடுக்கவே இல்ல மேடம் அவங்க," என்றான் அக்பர். "படத்த மட்டும் தொடச்சிட்டு விட்டுட்டாங்க. பொண்ணு உள்ளாறதான் கீது."

தயாரித்தவர்களுக்கு ஏழு குழந்தைகளையும் முழுசாகப் பிரித்தெடுக்க நேரம் இருந்திருக்காது. ஒன்றை உருவினால் இன்னொன்று சரியும். அதனால் உருவத்தை மட்டும் வெற்றிடமாக்கி அனுப்பிவிட்டார்கள். காரணம் எளிதாகப் புரிந்தது. புரிந்தும் காமாக்ஷி நோட்டில் குறிக்காமல் நாற்காலியைத் திரைக்கு அருகே நகர்த்திக்கொண்டாள்.

"அவளோட பேச முடியுமா?" என்று கேட்டாள்.

வலதுபக்கம், காலடிச் சத்தம் நின்ற இடத்தில் அக்பர் குத்துமதிப்பாகச் சொடுக்கினான். காலித் தெருவின் மேல் ஒரு பேச்சுக் கட்டம் திறந்தது. அதற்குள் ஓர் எழுத்துகூட இல்லை. ஒருவர் பேசி முடிக்கிற நேரம் அது அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. நாடோடி அந்த வெற்றிடத்தைக் குனிந்து பார்த்தான். அவன் கட்டம் திறந்தது. காமாக்ஷி எழுதிய ஜெர்மன் வரி வந்தது.

"உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை."

அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் லஸ் வழியாக நடந்தே வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் அக்பர் வருமுன்பே ஆபீசுக்குப் போய், தானே அந்தத் தெருவுக்கு நாடோடியை ஓட்டிச்செல்லப் பழகினாள். பையிலிருந்து ஒரு ரொட்டியைத் தரையில் இறக்கிவைப்பாள். சற்று நேரத்தில் அது மறையும். நோட்டில் எழுதவேண்டிய பிழைதான். ஒருமுறை எழுதியாகிவிட்டது. இருந்தும் தினம் ஒரு ரொட்டி வைத்தாள். ஒரு வாரம் போனபின், நாடோடி எங்கே போனாலும் பின்னாலேயே காலடிகள் கேட்க ஆரம்பித்தன. முதலில் ஒருவருடையது. அப்புறம் இரண்டு பேர். பிறகு அவளால் எண்ண முடியவில்லை. அவன் நின்றால் அவையும் நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. திரும்பாமலேயே, "கிட்ட வராதே, எண்ணெய் தெறிக்கும், அங்கேயே நில்லு," என்றாள். கூடத்திலிருந்து சுப்பராமன் எட்டிப் பார்த்தார்.

"யாரோட பேசிண்டிருக்கே?"

"அனன்யாவோடதான்."

"அவ பாட்டு க்ளாசுக்குப் போய் ஒரு மணி நேரமாச்சே."

அவள் திரும்பிப் பார்த்தாள். சமையற்கட்டு வாசலில் ஒருவரும் இல்லை. எண்ணெயில் அப்பளம் கருகிப்போயிருந்தது. சுப்பராமன் அடுப்பை அணைத்துவிட்டு, "கொஞ்ச நாள் லீவு போடேன்," என்றார். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்காக அவள் விலகி நடப்பதை அவர் முந்தின நாளே கவனித்திருந்தார்.

லீவு போட முடியாது. ஜூன் முதல் வாரம் வேலையை ஒப்படைக்க வேண்டும். கடைசியாக மிச்சமிருந்தது துப்பாக்கிச் சோதனை. ஆயுதங்கள் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் ஒருமுறை சுட்டுப் பார்க்க வேண்டும். புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். மருத்துவமனைக்கு முன்னாலிருந்த காலி மைதானத்தில் அக்பர் சும்மா நாலு குண்டு சுட்டான். மூன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலாவதுக்கு ஒரு குரல் கேட்டது. ரொம்பச் சின்னக் குரல், பாதியில் அறுந்தது. தரையில் ரத்தம் இல்லை. யாரும் விழவில்லை. செத்தவர்கள் உடனே மறைந்துவிட வேண்டும் என்பது ஜெர்மன் பிரதியின் விதி.

அக்பர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஊர் வாசலுக்குப் போங்கோ," என்றாள் காமாக்ஷி.

ஊர் எல்லையில் ஒரு பலகை உண்டு. ஜனத்தொகையைக் காட்டும் பலகை. காலையில் அதில் நூற்று அறுபத்துமூன்று என்றிருந்ததை அவளே குறித்திருந்தாள். இப்போது நூற்று அறுபத்திரண்டு.

"நான் பாக்கவே இல்ல மேடம்," என்றான் அக்பர். "சத்தியமா ஒண்ணுமே தெர்ல. தெரிஞ்சிருந்தா சுட்டிருப்பனா?"

"தெரியும், அக்பர். யாருக்குமே தெரியாது. அதுதான் தப்பு."

அவன் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தான். அதற்குப்பின் அந்த வேலை முடியும்வரை வலதுபக்கக் கம்ப்யூட்டரில் அவன் சுடவில்லை. சுட்டதாக எழுதிக்கொண்டான். காமாக்ஷி பார்த்தும் கேட்கவில்லை.

ஒப்படைக்கும்போது ஒரு உறுதிமொழிக் கடிதம் போக வேண்டும். 'இந்தப் பிரதியில் குழந்தைகள் யாரும் இல்லை' என்று ஜெர்மனில் ஒரு வாக்கியம், கீழே சரிபார்த்தவர் கையெழுத்து. கனகராஜ் பேனாவோடு அதை அவளிடம் நீட்டினான்.

"என்னால இதுல கையெழுத்துப் போட முடியாது."

"ஏங்க்கா? ஸ்பெல்லிங் தப்பா இருக்கா?"

"இருக்கா கனகராஜ், உள்ளே. ஏழு பேரும் இருக்கா. சுட்டா சாகறா. முன்னாடியாவது குழந்தைன்னு பார்த்துக் கையை எடுத்துடுவா. இப்போ விளையாடறவனுக்குத் தான் என்ன பண்ணினோம்னே தெரியாது."

கனகராஜ் கெட்டவன் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முழுசாகக் கேட்டான். வலதுபக்கத் திரையில் காலித் தெருவைப் பார்த்தான், காலடிச் சத்தத்தைக் கேட்டான். கழுத்தைத் தடவிக்கொண்டான். "ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்றான். "ஃபேக்ஸ் போடுங்க. நானும் கையெழுத்துப் போடுதேன்."

இரண்டு பக்கம் எழுதினாள். குழந்தைகளை முழுசாக எடுங்கள், முடியாவிட்டால் அவர்கள் பேசும் வரிகளையாவது திரும்பப் போடுங்கள், அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று ஆடுபவருக்குத் தெரியட்டும் என்று கேட்டிருந்தாள். நாலாம் நாள் பதில் வந்தது. அக்கறைக்கு நன்றி, சட்ட ஆலோசகர் பார்த்துவிட்டார், உருவம் இல்லாதவரை ஆட்சேபம் வராது. வரிகளைப் போட்டால்தான் கேள்வி வரும், அவை வேண்டாம். ஆனால் ஊர் வாசல் பலகை குழப்பம் தருவதாகத் தெரிகிறது. அதிலுள்ள எண்ணை நீக்கிவிடச் சொல்லியிருக்கிறோம்.

காமாக்ஷி அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தாள். பிறகு உரைக் கோப்பைத் திறந்தாள். ஜெர்மனியில் இருந்தவர் திருத்தம் எல்லாம் முடித்து அனுப்பியிருந்த கோப்பு. குழந்தைகளிடம் நாடோடி சொல்லும் பதில்கள் பதினொன்று. எந்தெந்த எண் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் போய், 'உங்கள்' என்று இருந்ததையெல்லாம் 'உன்' என்று மாற்றினாள். 'பயப்படாதீர்கள்' பயப்படாதே ஆயிற்று. 'போய்விடுங்கள்' போய்விடு ஆயிற்று. யாரும் குறை சொல்ல முடியாத இலக்கணத் திருத்தம். மொத்தம் இருபது நிமிஷ வேலை.

உறுதிமொழிக் கடிதத்தையும் மாற்றி எழுதினாள். 'இந்தப் பிரதியில் குழந்தை உருவம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.' அந்தக் கம்பெனிக்கு அதுவே போதுமாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். அந்த வாக்கியத்தில் பொய் என்று ஒன்றும் இல்லை. அதனாலேயே இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கேம் அக்டோபரில் வெளிவந்தது. அங்கே வாங்கியவர்கள் எழுதும் புகார்கள் கட்டுக்கட்டாக ஆழ்வார்பேட்டைக்கு வந்தன. பொதுவான கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் காமாக்ஷியின் வேலையாயிற்று. பையிலிருந்து சாமான்கள் காணாமல் போகின்றன என்று எழுதியவர்கள் இருநூறு பேருக்கு மேல். 'இது அறியப்பட்ட கோளாறு, ஆட்டத்தைப் பாதிக்காது' என்ற வாக்கியத்தை அத்தனை பேருக்கும் அனுப்பினாள். சிலர் பேய் என்றார்கள். ஒரு கல்லூரி மாணவன் மட்டும் அந்தப் பதினொரு வரிகளையும் வரிசையாக எடுத்தெழுதி, 'நாடோடி எல்லோரையும் நீங்கள் என்கிறான். யாரும் இல்லாத இடத்தில் மட்டும் நீ என்கிறான். அங்கே நிற்பது குழந்தையா?' என்று கேட்டிருந்தான். அதற்கு மட்டும் கோளாறு என்று பதில் எழுத அவளுக்குக் கை வரவில்லை. பதில் எழுதாமலேயே விட்டாள். அக்பர் மட்டும் அதைப் படித்துவிட்டு, "ஒருத்தனாச்சும் கண்டுபுட்ச்சான் மேடம்," என்றான்.

ஜனவரியில் கையால் எழுதிய ஒரு கடிதம் வந்தது. சின்ன ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியது. அவளுடைய பையன் அந்த விளையாட்டில் யாரையும் சுடுவதை நிறுத்திவிட்டானாம். தினம் பள்ளி விட்டு வந்ததும் காலித் தெருவில் ரொட்டி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடிவிடுகிறானாம். கேட்டால், அவர்கள் சாப்பிட்டாயிற்று என்கிறானாம். என் பிள்ளைக்கு ஏதாவது கோளாறா, அல்லது உங்கள் விளையாட்டுக்கா என்று கேட்டிருந்தாள்.

கம்பெனித் தாளில் காமாக்ஷி பதில் எழுதவில்லை. அனன்யாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தன் கையால் எழுதினாள். உங்கள் பையனுக்கு ஒன்றும் இல்லை. அவன் செய்வது சரி. அந்த ஊரில் ஏழு பேர் இருக்கிறார்கள், நான் அவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியவள் நீலக் கவுன் போட்டிருப்பாள். அவள் அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மயிலாப்பூர் தபாலாபீசில் தானே நின்று தபால்தலை ஒட்டி அனுப்பினாள்.

ஏப்ரல் கடைசியில் அந்தக் கவர் திரும்பி வந்தது. பிரிக்கப்படவில்லை. மேலே ஜெர்மன் தபால் முத்திரை. 'இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை' என்று அதில் இருந்தது. காமாக்ஷி அந்தத் தாயின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, தெருப் பெயரையும் கதவு எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"வீட்டை மாத்திண்டு போயிருப்பா," என்றார் சுப்பராமன். "மூணு மாசத்துல எவ்வளவோ நடக்கும்."

இருக்கலாம். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். அந்த வருஷமே கனகராஜ் கேம் வேலையை விட்டுவிட்டு, இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறினான். அக்பர் துபாய் போனான். காமாக்ஷி அடையாறில் ஒரு கம்பெனியில் சேர்ந்து மருத்துவக் கருவிகளின் கையேடுகளை மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். அங்கே அவளுக்கு நல்ல பெயர். வேலை கொடுப்பவர்களிடம் அவள் ஒன்றை மட்டும் கறாராகக் கேட்பாள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும், இதை யாரிடம் சொல்கிறார்கள் என்று எழுதித் தர வேண்டும். இயந்திரக் கையேட்டில் யாரிடம் சொல்வது, படிப்பவரிடம்தானே என்று அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்காமல், எழுதித் தரும்வரை காத்திருப்பாள்.